எல்லோரும் சொன்ன நூற்றிருபது அடி

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. வில்லியனூர் மார்க்கெட்டில் "காலையில பறிச்சதும்மா" என்று சொல்லி வெண்டைக்காயை நீட்டினால் நுனியை ஒடித்துப் பார்ப்பேன். பஸ் இப்போது வந்துவிடும் என்று நாலு பேர் சொன்னாலும் ஐந்தாவதாக ஒருவரைக் கேட்பேன். "ஒன்ன போலீஸ்ல சேத்திருக்கணும், தெரியாம டீச்சராக்கிட்டாங்க" என்பார் என் கணவர். அவருக்குத் தெரியாது, இரண்டும் ஒரே வேலைதான் என்று. வீட்டுப்பாடத்தைத் திருத்துகிறவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் குணம் இருந்தால் பிழைக்க முடியாது.

பாகூர் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். சுற்றிலும் நெல்லும் கரும்பும். பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் அறை உண்டு. அதில் சில இயந்திரங்கள் ஓடும், சில ஓடுவதுபோல் சத்தம் மட்டும் போடும். மழை வந்தால் நெட் போய்விடும்.

இப்படியிருக்க, எங்களைப் புதுச்சேரிக்கு ஒரு பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். குளிரூட்டிய அறை, டீ, கிரீம் பிஸ்கட். பயிற்சி கொடுத்தவர் சின்ன வயதுக்காரர், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நடந்துகொண்டே பேசினார். "இனிமே நீங்க பதில் சொல்லித் தராதீங்க. கேள்வியக் குடுங்க. அவங்களே இணையத்துல தேடட்டும். குழுவாப் பிரிஞ்சு, ஆளுக்கொரு வேலை எடுத்துக்கினு, கெடச்சத ஒப்பிட்டுப் பாத்து, ஒரு முடிவுக்கு வரட்டும். நீங்க எந்தப் பக்கங்களப் பாக்கலாம்னு வழி மட்டும் காட்டுங்க" என்றார்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இதற்கு முன்னால் இப்படித்தான் ஒரு பெரிய திரையைக் கொண்டுவந்து மாட்டி, இனிமேல் சாக்பீஸே தேவைப்படாது என்றார்கள். இப்போது அந்தத் திரையின் மேல் அழகான ஒரு பூந்துணி போர்த்தியிருக்கிறது. இந்தப் புது வழியால் யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று யோசித்துக்கொண்டே பிஸ்கட்டைத் தின்றேன். யோசித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. இப்படிப் பாடம் நடத்துவதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னதால் வேறு வழியில்லாமல் எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தேன்.

முதல் கேள்வி கொசு. கிராமத்தில் கொசுவைக் குறைக்க எது நல்ல வழி, ஏன் என்று தேடி எழுதச் சொன்னேன். ஐந்து குழுக்களும் ஒரே மாதிரி எழுதி வந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்று. கடைசி வரியில் எல்லோருமே, "இந்தத் தகவல் பிடித்திருந்தால் உங்கள் நண்பர்களுக்கும் பகிருங்கள்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு குழு இன்னும் ஒரு படி மேலே போய், "சலுகை சில நாட்களுக்கு மட்டுமே, இன்றே முந்துங்கள்" என்பதையும் சேர்த்திருந்தது.

அடித்துத் துவைக்கலாம் போலக் கோபம் வந்தது. அன்றைக்குத்தான் என் புத்தியை அவர்களுக்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. யார் எதைச் சொன்னாலும், இதைச் சொல்கிறவர் யார், சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்க வேண்டும். ஒருவர் சொன்னால் போதாது, அவரோடு சம்பந்தமில்லாத இன்னொரு இடத்திலும் அது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். இதுதான் நான் போட்ட சட்டம். பயிற்சியில் சொன்னதில் பாதியும் என் குணத்தில் பாதியும் கலந்தது. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பெரியவர்கள் சொல்வதைச் சந்தேகப்படலாம் என்று ஒரு டீச்சரே சொல்லிக்கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ரெட்டைச் சடை, யாரையும் பேசி முடிக்க விடாத வாய். ஊரில் நிறைய நிலம் வைத்திருக்கிற குடும்பம். அவள் அப்பா எங்கள் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர். தான் படித்த பள்ளியில்தான் தன் பிள்ளையும் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சேர்த்தவர். அடுத்து எதைத் தேடலாம் என்று கேட்டபோது அந்தப் பெண்தான் எழுந்தாள்.

"மிஸ், நம்ம ஊரு தண்ணி ஏன் உப்பா கீது? நான் ரெண்டாவது படிக்கச்சொல்ல இப்பிடி இல்ல மிஸ். இப்ப பல்லு வெளக்கினாவே கரிக்குது."

உண்மைதான். பள்ளிக் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தால் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். கேள்வி நன்றாக இருந்தது. நானும் அதை நம்பி இறங்கினேன்.

வலைத்தளங்கள் ஆளுக்கொன்று சொல்லின. கடலோரத்தில் ஆழமாகத் துளை போட்டு அதிகமாக இறைத்தால் கடல்நீர் உள்ளே நகர்ந்துவிடும் என்றது ஒன்று. உரம் என்றது ஒன்று. பாறையின் குணம் என்றது இன்னொன்று. தொட்டிக்குள் ஒரு கருவியை மாட்டினால் உப்பு ஓடிவிடும் என்று சொன்னதும் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தைப் படித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "மிஸ், இவுரு அந்தக் கருவிய விக்கறவரு" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் எங்கள் ஊரைப் பற்றி எதிலும் ஒரு வரிகூட இல்லை. இணையத்துக்கு எங்கள் ஊர் இருப்பதே தெரியாது. அப்போது அந்த ரெட்டைச் சடைப் பெண் சொன்னாள், "நாமளே கேட்டு மேப்புல போட்டா இன்னா மிஸ்?" இணையத்தில் மேலிருந்து எடுத்த படத்தில் எங்கள் ஊர் வயல்கள் வரப்பு வரப்பாகத் தெரியும். ஒவ்வொருவரும் வீட்டில் கேட்டு வந்து, தங்கள் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, எங்கே, எத்தனை அடி, தண்ணீர் கரிக்கிறதா என்று அதில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். எந்த ஆழத்தில் உப்பு தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். நான் சரி என்றேன்.

முதல் இரண்டு நாட்கள் விதவிதமாக ஆழம் வந்தது. எண்பது, நூற்று ஐம்பது, இருநூறு. ஒரு பையன் அந்த மேப்பை அப்பாவின் போனில் திறந்து பெருமையாகக் காட்டியிருக்கிறான். அவர் தன் வயலையும், அதில் குத்தியிருந்த சிவப்புப் புள்ளியையும், பக்கத்தில் எழுதியிருந்த ஆழத்தையும் பார்த்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் அது ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. கூடவே ஒரு குரல் பதிவு. அதை ஒரு பிள்ளைதான் எனக்குப் போட்டுக் காட்டியது.

"ஸ்கூல்ல பசங்கள வெச்சி போர் கணக்கு எடுக்கறாங்கபா. மோட்டாருக்கு மீட்டர் வரப்போவுது. பர்மிசன் இல்லாம ஆழமாப் போட்டவன்லாம் மாட்டுவான். டீச்சர மேலேர்ந்து அனுப்சிக்கீறாங்க. உசாரா இருங்க."

என்னை மேலிருந்து அனுப்பினார்களாம். எனக்கு மேலிருந்து டஸ்டர்கூட வந்ததில்லை.

மறுநாள் வகுப்பில் புதிதாக வந்த ஆழங்களைப் படிக்கச் சொன்னேன். நூற்றிருபது. அடுத்தவள், நூற்றிருபது. அடுத்தவன், நூற்றிருபது. ஏற்கெனவே இருநூறு என்று சொன்னவன் எழுந்து, "மிஸ், எங்கப்பா தப்பா சொல்லிட்டாராம். அது நூத்திருவதாம்" என்றான். மாட்டிக்கொள்ளாத ஓர் ஆழத்தைப் பேசிவைத்துக்கொண்டு அப்பாக்களும் காப்பி அடிக்கிறார்கள் என்பது புரிந்து எனக்குச் சிரிப்பு வந்தது. "பகிருங்கள்" என்ற வரியை மட்டும்தான் அவர்கள் சேர்க்கவில்லை.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்கள் என் சட்டத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சண்டைக்குப் போனார்கள்.

"எல்லாருக்கும் எப்பிடிடா ஒரே அடி வரும்? சொல்லி வெச்சிக்கினு சொல்றாங்க" என்றான் பின் பெஞ்சுக்காரன்.

"ஒங்கப்பா சொல்லியிருப்பாரு. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள் ரெட்டைச் சடை.

"யார் சொல்றது, அவங்களுக்கு இன்னா லாபம்? நீதான்டி எல்லார்கிட்டயும் கேப்ப. இப்ப ஒன்ன நீயே கேளு."

அவள் முகம் சிவந்துவிட்டது. புத்தகத்தை மேசையில் அடித்து மூடிவிட்டு உட்கார்ந்தாள். அவள் வீட்டுப் போரும் நூற்றிருபது அடி என்றுதான் எழுதியிருந்தாள்.

அந்த வாரமே எச்.எம். என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஓய்வு பெற அதிக காலம் இல்லை, அந்தக் காலத்தை அசையாமல் கழித்துவிட வேண்டும் என்பது அவர் லட்சியம். "டீச்சர், பாடம் நடத்துங்க, நான் வாணாம்னு சொல்லல. ஆனா ஊர்க்காரங்க மனசு கோணக்கூடாது. ஏனாம் பக்கம் வேகன்ட் இருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றார். புதுச்சேரியில் அரசு வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும். காரைக்கால் என்றால்கூட ஏதோ சமாளிக்கலாம். ஏனாம் எங்கேயோ ஆந்திராவுக்குள் இருக்கிறது. நான் இரண்டு நாள் அந்தப் பெயரை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். எச்.எம்.மிடம் இப்படிச் சொல்லச் சொன்னது யார் என்று வேறு யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. சொல்லச் சொன்னவர் தானாகவே வந்தார். அந்தப் பெண்ணின் அப்பா. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு இயந்திரத்தின் பின்னாலும் குனிந்து ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தார்.

"உக்காருங்க சார்" என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர். இது எங்க போவுது?"

"எது சார்?"

"பசங்க போடறது. இங்க அடிச்சா யார் யாரு பாப்பாங்க?"

"எங்க வகுப்பு மட்டும்தான் சார்."

"எங்க வாட்ஸ்அப்புலியே பாத்தேனே."

அவர் தொடர்ந்தார். "நீங்க நல்ல டீச்சர்னு எம்பொண்ணு சொல்லுது. நான் இல்லன்னு சொல்லல. ஆனா எங்க வூட்டு விசயம் எதுக்கு நெட்டுல? பெற்றோர் கூட்டத்துல இத போட்டுக் காட்டப் போறீங்களாமே. எங்க கொல்லி, எங்க வயலு, அதுல வந்திச்சின்னா மறுநாளே டி.சி. வாங்கிடுவேன். கடலூர்ல எங்கக்கா வூடு கீது. அங்க இருந்து படிக்கட்டும்."

இந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்குள் சில்லென்று இறங்கியது. அத்தை வீட்டில் இருந்து படிக்கப் போகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் படிப்பார்கள். அடுத்த வருஷம் அத்தைக்கு உடம்பு சரியிருக்காது, வீட்டில் ஆள் வேண்டும். அதற்கடுத்த வருஷம் அத்தைக்கு ஒரு மகன் இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வரும். "அத்தைக்குப் பசங்க இருக்காங்களா சார்?" என்று கேட்டே விட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு பையன். ஐ.டி.ஐ. படிக்கிறான்" என்றார். நான் நினைத்தது சரிதான்.

என்னை ஏனாமுக்கு அனுப்பினால் அனுப்பட்டும், திரும்பி வந்துவிடலாம். அவள் கடலூருக்குப் போனால் வரமாட்டாள். அவர் போன பிறகு அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, அவர் வயலின் மேல் இருந்த சிவப்புப் புள்ளியை மவுசால் தொட்டு நீக்கினேன். ஒரே சொடுக்கு. எனக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை. நீர்மட்டம் எத்தனை அடி இறங்கினாலும் ஒரு பெண் பள்ளியில் இருந்தால் போதும் என்றுதான் அப்போது தோன்றியது.

பிரச்சினை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் வீட்டு மோட்டார் காயில் கருகிப்போனது.

போர் மோட்டார் கெட்டால் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று கால் கம்பத்தை நிறுத்தி, சங்கிலி போட்டு, உள்ளே இறக்கிய இரும்புப் பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே இழுப்பார்கள். கழற்றியதை வரப்பு ஓரமாக வரிசையாக அடுக்கிவைப்பார்கள். ஒரு பைப்பு இருபது அடி. வரப்பில் எத்தனை கிடக்கிறது என்று எண்ணி இருபதால் பெருக்கினால் மோட்டார் எந்த ஆழத்தில் தொங்கியது என்று வழியில் போகிறவனுக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் விவரமானவர்கள் பைப்பு இழுக்கும்போது மேலே வைக்கோலை அள்ளிப் போட்டுவைப்பார்கள். இவள் அப்பாவும் போட்டிருக்கிறார். ஊராருக்கு மறைத்தார், டீ கொண்டுபோன மகளுக்கு மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அவள் என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், பதினாறு பைப்பு" என்றாள்.

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. பதினாறு இருபது. முந்நூற்று இருபது அடி. போர் அதற்கும் கீழே போயிருக்கும். அவள் கண் வீங்கியிருந்தது. ஆனால் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேக்கல மிஸ். கேட்டா இன்னொரு தபா நூத்திருவதுன்னு சொல்லிடுவாரு."

அப்போதும் என் புத்தி என்னை விடவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்துகொள்ள அவள் அப்பாவே இவளை அனுப்பி என்னை ஆழம் பார்க்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

"இத வுட்டுடு கண்ணு. ஒங்க கொல்லிய மேப்புலேர்ந்து எடுத்துட்டேன். நீ கூட்டத்துல மத்ததப் பத்திப் பேசு" என்றேன்.

"ஏன் மிஸ்?"

"ஒன்ன கடலூருக்கு அனுப்பிடுவாரு."

"தெரியும் மிஸ். அம்மா சொல்லிச்சி." கொஞ்ச நேரம் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "அப்ப மத்தவங்க அப்பா சொன்னத மட்டும்தான் சந்தேகப்படணுமா மிஸ்?"

மணி அடித்தது. நான் அந்த மணியைக் காரணமாக வைத்து வகுப்புக்குக் கிளம்பினேன்.

பெற்றோர் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். வழக்கமாக அம்மாக்கள்தான் வருவார்கள். அன்று அப்பாக்கள் வந்தார்கள். வாட்ஸ்அப் செய்த வேலை. கரும்பு வெட்டையும் விட்டுவிட்டு வந்து, வகுப்பறையின் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் அந்தப் பெண்ணின் அப்பா. ஜன்னல் ஓரமாக, அவரோடு ஒரு வரப்பைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிற பங்காளி, அதாவது சித்தப்பா மகன். இரண்டு பேருக்கும் நெடுநாளாகப் பேச்சு இல்லை, வாய்க்கால் தகராறு. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ப்ரொஜக்டரைப் போடப் போன நேரத்தில் கரண்ட் போய்விட்டது. எச்.எம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவரே மெயினை அணைத்திருப்பாரோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு எண்ணம் உண்டு. ஆனால் பிள்ளைகள் கரும்பலகையில் ஊர் மேப்பைச் சாக்பீஸால் போட்டுவிட்டார்கள். ஏரி, ரோடு, கோயில், வரப்புகள். வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு மனப்பாடம்.

ஒவ்வொரு குழுவும் பேசியது. வலைத்தளங்கள் என்ன சொல்கின்றன, எதை நம்பலாம், எதை நம்ப முடியாது. ஊரில் கேட்ட ஆழங்களில் பெரும்பாலானவை ஒன்றுபோல் இருப்பதால் அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்று பின் பெஞ்சுக்காரன் மரியாதையாகச் சொன்னான். அப்பாக்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு மூச்சு வந்தது, இத்தோடு போய்விடும் என்று.

அவள் எழுந்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. பார்க்காததுபோல் கரும்பலகைக்குப் போனாள். ஏரிக்குக் கிழக்கே, கம்ப்யூட்டர் மேப்பில் நான் அழித்திருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் இரண்டு எண்களை எழுதினாள்.

"இது எங்க போர். இதுக்கு ரெண்டு ஆதாரம் கீது. எங்கப்பா சொன்னது நூத்திருவது அடி. மோட்டார் வெளிய எடுக்கச்சொல்ல நான் பைப்ப எண்ணினேன். அது முந்நூத்திருவது. ரெண்டும் ஒத்துப் போவல. எங்க டீச்சர், ஒத்துப் போவாட்டி ரெண்டையும் எழுதணும்னு சொல்லிக்கீறாங்க. அதனால எழுதிக்கீறேன்."

குரல் கடைசியில் உடைந்துவிட்டது. ஆனாலும் திரும்பி நின்று அப்பாவைப் பார்த்தாள். போயிற்று, திங்கட்கிழமை டி.சி., அடுத்த நாள் கடலூர் பஸ் என்று நினைத்தேன். இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்த வாய் என் வாய்தான் என்பதும் நினைவில் இருந்தது.

அவள் அப்பா கரும்பலகையையே பார்த்தார். கோபம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார்.

"கடசிப் பைப்பு அரைப் பைப்புமா" என்றார். "துரு ஏறிப்போச்சின்னு வெட்டிட்டோம். பத்தடி கழிச்சுக்க."

அவ்வளவுதான் சொன்னார். அவள் முந்நூற்று இருபதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு முந்நூற்றுப் பத்து என்று எழுதினாள். நூற்றிருபதின் மேல் ஒரு கோடு போட்டாள். போட்டுவிட்டு, முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, தாவணிக்கு வயதாகாத அந்தத் தோள்கள் குலுங்க அழுதாள். நானும் அழுதேன்.

பின்வரிசையில் ஒருவர், "எங்களுதும் நூத்திருவது இல்லபா, ஏதோ சொன்னாங்கன்னு சொல்லிட்டோம்" என்று முனகினார். இன்னொருவர் சிரித்தார். ஜன்னல் ஓரத்துப் பங்காளி மட்டும் எழுந்து, யாரோ போனில் கூப்பிடுவதுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் போன் ஒலிக்கவே இல்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்த இன்னொருவரும் இருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு எச்.எம். கையைப் பிசைந்துகொண்டு அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போனார். "சார், அந்த டி.சி. விசயம்... திங்கட்கிழமை ரெடி பண்ணிடட்டுமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, பங்காளி போன திசையை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாத்துக்கு டி.சி.? எங்க கொல்லிக்குப் பக்கத்துல கீறவன் போர் எத்தினி அடின்னு எம்பொண்ணு இன்னும் போடல. மொதல்ல அத கண்டுபுடிக்கட்டும். என் தண்ணிய எவன் இழுக்கறான்னு எனக்குத் தெரியவாணாமா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "டீச்சர், அவன் வூட்டுப் பையன் ஏழாவது படிக்கிறான். அவன் சொல்றத நம்பாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பெயரை வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். "உள்ளேன் மிஸ்" என்றாள். எனக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.